முன்கை எலும்பு பிறவியிலேயே சேராமல் இருக்கும் குழந்தைக்கு எலும்பு ஒட்டு ஆபரேஷன் பலன் தருமா?

என் மகளுக்கு இரண்டு முறை செய்தோம். முதல் ஒட்டு கரைந்துபோனது, இரண்டாவது பிடித்துக்கொண்டது. எந்த வகை ஒட்டு என்று முதலில் கேளுங்கள்.

எங்களுக்குக் குடியாத்தம். இரண்டு வயதில் கட்டிலிலிருந்து விழுந்து வலது முன்கை வளைந்துவிட்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் பார்த்தோம், சேரவில்லை. முறிந்த இடம் இன்னொரு மூட்டுபோல ஆடியது. எலும்பில் பிறவியிலேயே குறை இருந்ததால் சேராமல் போன இதைப் பொய் மூட்டு என்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் இடுப்பெலும்பிலிருந்து துண்டுகள் எடுத்து வைத்து பிளேட் போட்டார்கள். ஒரு வருடத்தில் எக்ஸ்ரேயில் அந்தத் துண்டுகளைக் காணோம்.

அப்புறம் வேலூர். அங்கே டாக்டர் கையைத் தொடவே இல்லை, முதலில் சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தார். பால் டீ நிறத்தில் திட்டுகள். நாங்கள் மச்சம் என்று விட்டிருந்தோம். 5 மில்லிமீட்டருக்கு மேல் 6 திட்டுகளாவது இருந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற மரபணுக் கோளாறா என்று பார்ப்பார்களாம். பொய் மூட்டுள்ள பிள்ளைகள் பலருக்கு இது இருக்கிறது. பாதிப் பேருக்குப் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவே வருகிறது. கிரகணத்தில் வெளியே போனதால்தான் என்று என் மனைவியைக் குத்திக்காட்டிய சொந்தக்காரர்களுக்கு இதை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த இடத்தில் எலும்பைச் சுற்றிய உறையே நோயுற்றது. ரத்த ஓட்டமில்லாத துண்டை அங்கே வைத்தால் உடம்பு அரித்துவிடும். அதனால் கெட்ட பகுதியை முழுக்க வெட்டி எடுத்து, கெண்டைக்கால் பக்கமுள்ள மெல்லிய எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்துக் கையின் குழாயோடு தைத்தார்கள். காலையில் உள்ளே போனவள் இருட்டிய பிறகுதான் வெளியே வந்தாள்.

"கையைச் சரி பண்ணச் சொன்னா காலை அறுக்கறேன்றாங்களே" என்று என் அம்மா ஒரே அழுகை. அந்த எலும்பு உடல் எடையில் கொஞ்சம்தான் தாங்குகிறது. ஆனால் வளரும் பிள்ளைக்குக் கணுக்கால் வெளிப்பக்கம் சாய வாய்ப்புண்டு. அதைத் தடுக்க, கீழே மிச்சமிருக்கும் துண்டைப் பக்கத்திலுள்ள தடித்த கீழ்க்கால் எலும்போடு ஸ்க்ரூ போட்டு இணைத்தார்கள். இதைச் செய்வார்களா என்று மறக்காமல் கேளுங்கள்.

இப்போது அவளுக்கு 11 வயது. எழுதுகிறாள், குடம் தூக்குகிறாள். முன்கை முழுசாகத் திரும்பாது. கோயிலில் விபூதி வாங்க உள்ளங்கையை நிமிர்த்தும்போது தோளையும் சேர்த்துச் சாய்ப்பாள். வளர்ச்சி நிற்கும்வரை கைக்கும் கணுக்காலுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோளாறு உறுதியானால் வருடா வருடம் கண் பரிசோதனையும் உண்டு, கைக்கு அலையும் அலைச்சலில் அதை விட்டுவிடாதீர்கள்.