சலைன் பாட்டிலும் 34 குழந்தைகளும்

அன்புள்ள சார்,

போன வாரம் அரசு மருத்துவமனை வார்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் ‘ஃபீஸ்ட்’ என்ற ஆய்வைப் பற்றி ஒரு வரி வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த அந்த ஆய்வு குழந்தை மருத்துவர்களின் பழைய பழக்கம் ஒன்றை அசைத்துப் பார்த்தது என்று பாராட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் 22 வருடம் மெடிக்கல் ரெப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். அப்படியே விட மனமில்லாமல் தேடிப் படித்தேன். படித்த அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

உயிருக்குப் போராடிய மூவாயிரம் குழந்தைகளைக் குலுக்கல் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். சிலருக்கு வேகமாக சலைன் ஏற்றினார்கள், சிலருக்கு ஏற்றவில்லை. ஏற்றிய பக்கம்தான் சாவு அதிகம். பணம் கொடுத்தது பிரிட்டன். லண்டனில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையிடம் இதைச் செய்ய விடுவார்களா? கையெழுத்து வாங்காமலே சில குழந்தைகளைச் சேர்த்ததாகவும் படித்தேன். ஏழைப் பிள்ளைகள் என்றால் சோதனை எலிகளா? உங்கள் பாராட்டு எனக்கு உறுத்துகிறது.

மணிவண்ணன்
திண்டுக்கல்

அன்புள்ள மணிவண்ணன்,

உறுத்த வேண்டியதுதான். ஒரே வரியில் கடந்து போனது என் தப்பு.

உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1996-ல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் ட்ரோவன் என்ற புது மருந்தை 200 குழந்தைகளை வைத்துச் சோதித்தது. பாதிப் பேருக்கு ட்ரோவன், பாதிப் பேருக்கு நீங்களே பை பையாகச் சுமந்திருக்கக்கூடிய செஃப்ட்ரியாக்சோன் என்ற பழைய ஆன்டிபயாட்டிக். 11 குழந்தைகள் இறந்தார்கள். இது சோதனை என்றே எங்களிடம் சொல்லவில்லை என்று பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். தப்பு எதுவும் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே 2009-ல் கானோ மாநில அரசுக்கு 7.5 கோடி டாலர் தர ஃபைசர் ஒப்புக்கொண்டது. இதைக் கேட்டவர்களுக்கு ‘ஆப்பிரிக்கா’, ‘குழந்தைகள்’, ‘மருந்து ஆய்வு’ என்ற மூன்று சொற்களும் ஒன்றாக வந்தாலே வயிற்றைக் கலக்கும்.

ஆனால் ஃபீஸ்டை நான் அந்த வரிசையில் வைக்க மாட்டேன். அங்கே சோதித்தது புது மருந்தை இல்லை. உலகமே ஏற்கெனவே செய்துகொண்டிருந்த, பாடப்புத்தகத்தில் அச்சாகியிருந்த ஒரு சிகிச்சையை.

அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும், கொஞ்சம் பயமும் வரும். 1991-ல் வாஷிங்டனிலிருந்து ஒரு கட்டுரை வெளியானது. ரத்தத்தில் கிருமி பரவி ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலைக்குப் போன குழந்தைகளில், முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 40 மில்லிக்கு மேல் நீர் ஏறியவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்றது அது. குலுக்கல் எல்லாம் கிடையாது, நடந்ததைக் கவனித்து எழுதியதுதான். மொத்தம் எத்தனை குழந்தைகள் தெரியுமா? 34. அத்தனை பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில், இதயம் வரை குழாய் செருகி அழுத்தத்தை அளந்துகொண்டிருந்த படுக்கைகளில் இருந்தவர்கள். மூச்சு தடுமாறினால் வென்டிலேட்டர் பக்கத்திலேயே. இப்படிப்பட்ட கவனிப்புகளின் மேல் எழுந்த விதிதான் உலகம் முழுக்கப் போனது. வென்டிலேட்டரையே பார்த்திராத வார்டுகளுக்கும் போனது.

அப்படி ஒரு வார்டில் ஷாக்கை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? உங்கள் கட்டைவிரல் நகத்தை இப்போது ஒருமுறை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த இடம் ‘ஒன்று’ என்று எண்ணி முடிப்பதற்குள் சிவந்துவிடும். நர்ஸ் அந்தக் குழந்தையின் நகத்தை அழுத்தி விடுகிறார், எண்ணுகிறார். மூன்று எண்ணியும் வெளுப்பு போகவில்லை. அடுத்து புறங்கையைக் குழந்தையின் பாதத்தில் வைத்து முழங்கால் வரை மெதுவாகக் கொண்டு போகிறார். பாதம் ஜில்லென்று இருக்கிறது, முட்டிக்கு வரும்போது அனல். மணிக்கட்டில் நாடி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. மூச்சு இரைக்கிறது, கண் சொருகுகிறது. இவ்வளவுதான் கருவி. ஒரு விரல், ஒரு புறங்கை.

பத்து கிலோ குழந்தை என்று வைத்துக்கொள்வோம். அதன் உடம்பில் ஓடும் ரத்தமே முக்கால் லிட்டர், மிஞ்சினால் இன்னும் ஒரு கை. கிலோவுக்கு 20 மில்லி என்றால் ஒரு டம்ளர் உப்புநீர் ஒரு மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். சாதாரண டிரிப் செட்டில் நொடிக்கு ஒரு சொட்டுக்கும் மேல். இதற்குத்தான் போலஸ் என்று பெயர். வேகம் கூட்டாமல் உடம்புக்குத் தேவையானதை மட்டும் கொடுத்தால் நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொட்டு போதும்.

2009 ஜனவரியில் ஆய்வு தொடங்கியது. கென்யாவில் கிலிஃபி, உகாண்டாவில் நான்கு மருத்துவமனைகள், தான்சானியாவில் ஒன்று. தலைமை தாங்கிய கேத்ரின் மைட்லண்ட் பிரிட்டிஷ்காரர், கிலிஃபியிலேயே தங்கி வேலை செய்பவர். ஆனால் உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்து சாரா கிகுலி, இம்பாலேயின் பீட்டர் ஓலுபோட் போன்ற உள்ளூர் மருத்துவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. போலஸ் கெடுதல் என்று நிரூபிக்க யாரும் கிளம்பவில்லை. அதற்கு முன்னால் கிலிஃபியில் மைட்லண்ட் செய்த சிறிய ஆய்வுகளில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசலை ஏற்றிய குழந்தைகள் நன்றாகத் தேறியிருந்தார்கள். பெரிதாகச் செய்து நிரூபித்தால் ஏழை நாடுகளிலும் இதை எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லலாம் என்பதுதான் நினைப்பு.

குழந்தைகள் மூன்று குழு. ஆல்புமின் போலஸ், சலைன் போலஸ், போலஸ் இல்லாமல் மெதுவான சொட்டு. மூன்றாவது குழுவுக்கு ‘ஏற்றவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சையே தராமல் விட்டார்கள் என்று அர்த்தம் எடுத்தால் அது சரியில்லை. மலேரியா மருந்து, ஆன்டிபயாட்டிக், ஆக்சிஜன், தேவைப்பட்டால் ரத்தம் எல்லாம் மூன்று குழுவுக்கும் ஒன்றுதான். அவசர சிகிச்சைக்கான அடிப்படை வசதிகளையும் பயிற்சியையும் ஆய்வே கொண்டுவந்து கொடுத்தது. இன்னொன்று, வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தைகளை இதில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு நீர்தான் உயிர். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் ஓஆர்எஸ் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

கண்காணிப்புக் குழு தரவுகளைப் பார்த்துவிட்டு 2011 ஜனவரியில் ஆய்வை நிறுத்தச் சொன்னது. அதுவரை 3,141 குழந்தைகள். 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் ஆல்புமின் குழுவில் 10.6 சதவீதம், சலைன் குழுவில் 10.5, போலஸ் இல்லாத குழுவில் 7.3. நூறு குழந்தைக்கு மூன்று உயிர் அதிகமாகப் போயிருக்கிறது. மலேரியா இருந்ததா இல்லையா, ரத்தசோகை உண்டா, எந்த மருத்துவமனை என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் போலஸுக்குச் சாதகமாக எதுவும் வரவே இல்லை.

எனக்கு மனசில் தங்கியது வேறு ஒரு எண். முதல் மணி நேரம் முடிந்தபோது, போலஸ் கொடுத்த குழந்தைகளில் 43 சதவீதம் பேருக்கு ஷாக் அறிகுறிகள் போயிருந்தன. கொடுக்காதவர்களில் 32 சதவீதம்தான். அதாவது நீர் ஏற்றிய குழந்தை கண்ணுக்கு நேராகத் தேறியது. பாதம் சூடானது, நகம் சிவந்தது. தாய் மூச்சு விட்டிருப்பாள், டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். அந்தக் குழந்தைகளில்தான் பிறகு அதிகம் பேர் போனார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கும் என்றுதான் எல்லாரும் முதலில் நினைத்தார்கள். 2013-ல் ஒவ்வொரு சாவையும் எடுத்து ஆராய்ந்தபோது கூடுதல் சாவுகளில் பெரும்பாலானவை ரத்த ஓட்டம் சரிந்து நேர்ந்தவை என்று தெரிந்தது. முப்பது வருட அனுபவமுள்ள டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர் பார்த்தது தேறிய குழந்தையைத்தானே? குலுக்கல் போட்டு எண்ணியதால் மட்டும் வெளியே வந்த விஷயம் இது.

சோதனை எலி என்கிறீர்கள். 2009-க்கு முன்பு போலஸ் ஏறிய குழந்தைகள் யார்? அவர்களும் சோதனையில்தான் இருந்தார்கள், யாரும் எண்ணாத சோதனையில்.

இதே கதை வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. 2017-ல் ஜாம்பியாவின் லுசாகாவில் வந்த ஆய்வு பெரியவர்களைப் பற்றியது, பெரும்பாலும் எச்ஐவி உள்ளவர்கள். மேலைநாட்டு முறைப்படி நீரும் ரத்த அழுத்த மருந்தும் கொடுத்த குழுவில் 48 சதவீதம் இறந்தார்கள், வழக்கமான கவனிப்பில் 33. 2019-ல் மலாவியின் சலீமா மாவட்ட மருத்துவமனையில், கடுமையான நிமோனியாவும் எச்ஐவி, சத்துக்குறைவு போன்ற சிக்கல்களும் உள்ள குழந்தைகளுக்குக் குமிழி சிபாப் வைத்துப் பார்த்தார்கள். மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று தரும் கருவி, பெரிய மருத்துவமனைகளில் நல்ல பெயர் எடுத்தது. சாதா ஆக்சிஜன் குழாய் வைத்த 323 பேரில் 35 பேர் இறந்தார்கள், சிபாப் வைத்த 321 பேரில் 53 பேர். கருவி அதேதான். பக்கத்தில் நின்று கவனிக்கும் ஆட்கள்தான் அதே இல்லை.

லண்டனில் விடுவார்களா என்று கேட்டீர்கள். செய்துபார்த்தார்கள். ஃபீஸ்டுக்குப் பிறகு, போலஸின் அளவைப் பாதியாகக் குறைத்தால் என்ன என்று கேட்டு இங்கிலாந்தில் 13 மருத்துவமனைகளில் ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது. எழுபது குழந்தைகளுக்குச் சற்று மேல் கிடைத்தார்கள். பெரிய ஆய்வு அங்கே சாத்தியமில்லை என்று முடித்துக்கொண்டார்கள். கையெழுத்து விஷயத்திலும் பாருங்கள், அங்கேயும் குழந்தையை முதலில் சேர்த்துவிட்டுப் பிறகுதான் பெற்றோரிடம் சம்மதம் கேட்டார்கள். அவசர சிகிச்சை ஆய்வில் அதற்கு அனுமதி உண்டு.

நான் கோபப்படுவது வேறு இடத்தில். 2011-ல் முடிவு வெளியானது. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட குழந்தை மருத்துவக் கைப்புத்தகத்தில் போலஸ் அப்படியே இருந்தது. கிகுலியும் மற்ற ஆப்பிரிக்க மருத்துவர்களும் 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், எங்கள் தரவு எங்கே போயிற்று என்று கேட்டு எழுத வேண்டியிருந்தது. 2016-ல்தான் திருத்தம் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் விழாத குழந்தைக்குப் போலஸ் வேண்டாம் என்று செப்சிஸுக்கான (கடுமையான கிருமித்தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) சர்வதேச வழிகாட்டி தெளிவாகச் சொன்னது 2020-ல். ஒன்பது வருடம். இதே முடிவு பாஸ்டனிலிருந்து வந்திருந்தால் ஒன்பது மாதம் ஆகியிருக்குமா?

நம் ஊரிலும் பாட்டில் மேல் ஒரு பக்தி உண்டு. சில வருடம் முன்பு காய்ச்சலில் கிடந்த என் அக்கா பையனுக்கு, இப்போது டிரிப்ஸ் தேவையில்லை, வாயாலேயே குடிக்கட்டும் என்றார் ஒரு டாக்டரம்மா. எங்கள் மாமா கோபித்துக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே கேட்ட உடனே மாட்டிவிட்டார்கள். பாட்டில் தொங்கினால்தான் ‘ஆஸ்பத்திரியில் பார்த்தாங்க’ என்று அர்த்தம். பையன் தேறிவிட்டான். பாட்டிலுக்குத்தான் பேர்.

இனி நீங்கள் கேட்டதில் என்னிடம் பதில் இல்லாத பகுதி. முடிந்த இடங்களில் எழுத்துபூர்வமான சம்மதம் வாங்கித்தான் குழந்தையைச் சேர்த்தார்கள். நேரமில்லாதபோது வாய்வழி இசைவு போதும், எழுத்துச் சம்மதம் பிறகு என்று அறநெறிக் குழுக்கள் அனுமதித்திருந்தன. ஃபீஸ்ட் முடிந்த பிறகு சில ஆய்வாளர்கள் பெற்றோர்களிடமும் ஊழியர்களிடமும் இதைப் பற்றிக் கேட்டு எழுதினார்கள். பொதுவாக அந்த முறையைப் பலரும் ஏற்றுக்கொண்டதாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு வாசகம் இருக்கிறது: வீசுகிற காற்றோடு சொற்கள் போய்விடும். மடியில் கண் சொருகிய குழந்தையோடு உட்கார்ந்திருப்பவளிடம் ஆய்வு, குலுக்கல், மூன்று குழு என்று சொன்னால் என்ன காதில் விழும்? அவள் தலையை ஆட்டியிருப்பாள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாமா? ஆய்வே நடக்காமல் இருந்தால் போலஸ் இன்னும் எத்தனை வருடம் ஓடியிருக்கும் என்பதும் தெரிகிறது, அந்தத் தலையாட்டலும் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அந்தக் கட்டுரை 2013-ல் வந்தது, தேடினால் கிடைக்கும். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இந்த ஒரு இடத்தில் உங்களோடு சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை.