வெளி மருத்துவமனையில் நான்கு வாரங்கள்: இறுதியாண்டு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டை முடிக்கும் மாணவர்களும், தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்போரும், ஒரு பெற்றோரும் 'அவே ரொட்டேஷன்' பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சொந்தக் கல்லூரியை விட்டு வேறொரு மருத்துவமனைக்குச் சென்று, தான் சேர விரும்பும் துறையில் பெரும்பாலும் நான்கு வாரங்கள் பணி கற்பதைத்தான் அப்படி அழைக்கிறோம். நான் அவசர மருத்துவத் துறையைச் சேர்ந்தவள். மாணவியாக அப்படிச் சென்றிருக்கிறேன். இப்போது அவ்வாறு வருவோரை மதிப்பிடும் குழுவிலும் இருக்கிறேன்.

கேள்வி: அக்கா, அவசர மருத்துவத்தில் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புத் துறைப் பயிற்சி) செய்ய விரும்புகிறேன். எத்தனை வெளி மருத்துவமனைகளுக்குச் செல்ல வேண்டும்? எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

சொந்தக் கல்லூரியிலேயே அவசர மருத்துவ ரெசிடென்சி இருந்தால், அங்கே ஒரு மாதமும் வெளியே ஒரு மாதமும் போதும் என்பதே என் உறுதியான கருத்து. இத்துறையில் சாதாரணப் பரிந்துரைக் கடிதத்தைவிட, 'ஸ்லோ' எனப்படும் தரப்படுத்தப்பட்ட மதிப்பீட்டுக் கடிதத்துக்கே மதிப்பு அதிகம். தேர்வுக் குழுக்கள் செப்டம்பர் இறுதியில் விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்குவதால், அதற்குள் கடிதம் ஏறிவிடும்படி ஜூலை, ஆகஸ்டு மாதங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெளி மருத்துவமனைகளுக்குச் செல்லும் மாணவர்கள் விண்ணப்பிப்பதற்காக அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் வி.எஸ்.எல்.ஓ. தளத்தில் ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென ஒரு தேதியை வைத்திருக்கிறது. பல இடங்கள் மார்ச், ஏப்ரலிலேயே விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கிவிடும். கல்லூரிகளின் மாதக் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஓரிடத்தில் ஜூன் கடைசித் திங்களன்று தொடங்கும். இன்னோரிடத்தில் ஜூலை இரண்டாம் வாரத்தில்தான் தொடங்கும். ஆகவே நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: தடுப்பூசிச் சான்றுகளில்தான் பலர் சிக்கிக்கொள்வதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான், அதில் நானும் சிக்கியிருக்கிறேன். ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்புசக்திக்கான என் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. நான் விண்ணப்பித்த மருத்துவமனையோ, ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகுக்குக் குறையாத அளவை எண்ணாகக் காட்ட வேண்டும் என்றது. மீண்டும் இரத்தம் கொடுத்து, அறிக்கை வந்து, கல்லூரி அலுவலகம் அதைச் சரிபார்த்து ஏற்றுவதற்குள் ஜூலை இடங்கள் தீர்ந்துவிட்டன. ஒரு எண் இல்லாததால் ஒரு மாதம் போயிற்று. அந்த வருத்தம் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கான சான்றுகளையும் ஜனவரியிலேயே எடுத்து வையுங்கள். நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. போட்டிருந்தால், காசநோய்க்கான தோல் பரிசோதனை நோய்த்தொற்று இல்லாமலேயே தடித்துக் காட்டக்கூடும். முதலிலேயே குவாண்டிஃபெரான் போன்ற இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொண்டால் தேவையற்ற எக்ஸ்-ரேயும் அலைச்சலும் மிச்சம். குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, உயிர்காப்புப் பயிற்சிச் சான்று, என்-95 முகக்கவச அளவுச் சோதனை ஆகியவற்றையும் பல இடங்களில் கேட்பார்கள்.

கேள்வி: எலும்பு அறுவை சிகிச்சைத் துறைக்கு ஒன்று போதாது என்கிறார்களே, டாக்டர்?

போதாது என்பது சரியே. அத்துறையில் இரண்டு மூன்று இடங்களுக்குச் செல்வது வழக்கம். நரம்பியல் அறுவையிலும் அப்படித்தான். 2022-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியிலிருந்து அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே தெரியும் என்பதால், நேரில் பார்த்துப் பழகிய மாணவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. எலும்பு அறுவைக்கு 30 சிக்னல்கள், அதாவது 'உங்களிடம் சேர எனக்குத் தனி விருப்பம்' என்று ரெசிடென்சி இடங்களுக்கு விண்ணப்பத்தில் தெரிவிக்கும் குறிகள், தரப்படுகின்றன. நீங்கள் போய்ப் பணியாற்றிய இடத்துக்கும் அதில் ஒன்றை ஒதுக்க மறவாதீர்கள். பெயர்பெற்ற மூன்று இடங்களை அடுக்குவதைவிட, உங்கள் மதிப்பெண்ணுக்கு உண்மையில் நேர்காணல் அழைப்புத் தரக்கூடிய ஓரிடத்தையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்த நான்கு வாரங்களில் எப்படி நடந்துகொண்டால் நம்மைக் கவனிப்பார்கள்?

ஸ்லோ படிவத்தில், ரெசிடென்சியில் இவருக்குச் சக மாணவர்களைவிடக் குறைவான வழிகாட்டல் தேவைப்படுமா, அதே அளவா, கூடுதலா என்று ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் குழு அதிக நேரம் விவாதிப்பது இதைத்தான். எனவே அறிவைக் காட்டுவதைவிட, ஒரு நோயாளியின் பொறுப்பை ஏற்று முடிப்பதைக் காட்டுங்கள்.

சென்ற கோடையில் இரவு ஷிஃப்டில் ஒரு மாணவி என்னோடு இருந்தார். வயிற்றுவலியோடு வந்த ஒரு மூதாட்டிக்குச் சி.டி. எடுக்கச் சொல்லியிருந்தோம். நாற்பது நிமிடம் கழித்து நான் கேட்பதற்கு முன்பே அம்மாணவி வந்து, "ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை, கையில் ஊசி போட்ட இடம் வீங்கிவிட்டது, செவிலியரிடம் சொல்லி ஊசியை மாற்றியாயிற்று, வலி எட்டிலிருந்து ஆறாகக் குறைந்திருக்கிறது, வயிற்றை மறுபடி தொட்டுப் பார்த்தேன், இறுக்கம் இல்லை" என்றார். அவர் அரிய நோய் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்த மூதாட்டியை அவர் தன் நோயாளியாகக் கருதினார். அவருடைய கடிதத்தை எழுதும்போது எங்களுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

இரண்டாம் வார முடிவில் "நான் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?" என்று கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால், திருத்திக்கொண்டதைக் காட்ட நாள் இருக்காது. மற்ற மாணவரைத் தாழ்த்திப் பேசுவதும், செவிலியரிடம் முகம் சுளிப்பதும் மறுநாளே எங்கள் காதுக்கு வந்துவிடும்.

கேள்வி: என் மகள் இரண்டு நகரங்களுக்குப் போக வேண்டும் என்கிறாள். செலவு எவ்வளவு ஆகும்?

ஊருக்கு ஊர் வேறுபடும், அம்மா. விமானம், ஒரு மாத வாடகை, சில இடங்களில் கார் என்று மூன்றும் சேரும்போது சுமைதான். உறவினர் வீடு இருக்கும் நகரத்தை முதலில் பாருங்கள். சில துறைகள் வெளி மாணவருக்கு உதவித்தொகை தருகின்றன. அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு.

கேள்வி: நான் மதுரையில் இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவன். எனக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது, தம்பி, ஆனால் மாணவராக இருக்கும்வரைதான். பட்டம் பெற்றபின் பெரும்பாலும் பார்வையாளராக நின்று கவனிக்கும் அப்சர்வர்ஷிப் மட்டுமே கிடைக்கும். அதில் நோயாளியைத் தொட முடியாது. அதன் கடிதத்துக்கும் வலு குறைவு. ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் இருப்பவரை மாணவராகக் கொள்வார்களா என்பதை விண்ணப்பிக்கும் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வி.எஸ்.எல்.ஓ. வழியாகச் செல்ல உங்கள் கல்லூரி அதில் இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால், நேரடி விண்ணப்பம் ஏற்கும் பல்கலைக்கழகங்களைத் தேடுங்கள். அவற்றுள் பல ஸ்டெப் 1 தேர்ச்சியைக் கேட்கும். அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், பேராசிரியர் மேற்பார்வையில், ஊதியமின்றிச் செய்யும் எலெக்டிவுக்கு (மாணவர் தானே தேர்ந்து செய்யும் இத்தகைய பணிக் கற்றலுக்கு) உரியது பி-1 விசா. கல்லூரியின் அனுமதிக் கடிதத்தோடு நேர்காணலுக்குச் செல்லுங்கள். சுற்றுலா என்று சொல்லி விசா வாங்காதீர்கள்.

கேள்வி: ஓரிடத்தை ஏற்றுக்கொண்ட பிறகு அதைவிட நல்ல இடம் கிடைத்தால் விலகலாமா?

தொடங்குவதற்குச் சில மாதங்கள் இருந்தால், ஒருங்கிணைப்பாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி அன்றே விலகுங்கள். அந்த இடம் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போகும். கடைசி வாரங்களில் விலகாதீர்கள். அந்த இருக்கை காலியாகவே கிடக்கும், உங்கள் கல்லூரியிலிருந்து அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பவரையும் அது பாதிக்கக்கூடும்.