ஒரு வருட எம்.எஸ்ஸி. படிக்கும்போதே வேலை தேடலாமா?

கேள்வி: மெக்கானிக்கல் முடித்துவிட்டு சென்னையில் இரண்டு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தேன். 2026 செப்டம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேட்டா சயின்ஸ் எம்.எஸ்ஸி. சேரப்போகிறேன். வீட்டை அடமானம் வைத்துக் கல்விக்கடன் வாங்கியிருக்கிறோம். "முதலில் படிப்பை முடி, வேலையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் அப்பா. ஒரு வருடம்தானே, அப்படியே செய்யட்டுமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். அப்பா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அவர் மனதில் இருப்பது நம் ஊர்க் கல்லூரி. இறுதியாண்டில் கம்பெனிகள் கேம்பஸுக்கு வரும், பிளேஸ்மென்ட் ஆபீசர் பட்டியல் போட்டுக் கூப்பிடுவார், நாம் போய் உட்கார்ந்தால் போதும். பிரிட்டனில் அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள். அங்கே பெரிய நிறுவனங்கள் 'கிராஜுவேட் ஸ்கீம்' என்ற பெயரில் புதியவர்களை எடுக்கும்போது கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்னாலேயே தொடங்கிவிடுகின்றன. 2027 செப்டம்பரில் சேரவேண்டியவர்களுக்கான விண்ணப்பங்களில் பெரும்பகுதி 2026 ஆகஸ்ட், செப்டம்பரில் திறந்து அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் மூடிவிடும். இடம் நிரம்பினால் சொன்ன தேதிக்கு முன்பே மூடுகிறவர்களும் உண்டு. அதாவது நீங்கள் அறை தேடி, பேங்க் அக்கவுன்ட் திறந்து, குளிருக்கு ஜாக்கெட் வாங்கிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில்தான் இதெல்லாம் நடக்கும். படிப்பை முடித்துவிட்டுத் தேடினால் அந்த வாசலை முழுசாகத் தவறவிட்டிருப்பீர்கள்.

அதனால் விமானம் ஏறுவதற்கு முன்பே சில வேலைகளை முடித்துவிடுங்கள். முதலில் சி.வி. நம் ஊர் ரெஸ்யூமில் இருக்கும் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், திருமணமானவரா என்ற தகவல், கடைசியில் "மேற்கண்டவை உண்மை" என்று கையெழுத்துப் போடும் உறுதிமொழி, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். சென்னையில் பார்த்த இரண்டு வருட வேலையை மேலே கொண்டுவாருங்கள். "டெஸ்டிங்தானே" என்று நீங்களே அதைக் குறைத்து எழுதிவிடாதீர்கள், உங்கள் வகுப்பில் பாதிப்பேருக்கு அந்த அனுபவம் இருக்காது. அடுத்தது ஆன்லைன் தேர்வுகள். விண்ணப்பம் போட்டதும் கணக்குத் திறன், பணியிடச் சூழலில் என்ன முடிவெடுப்பீர்கள் என்று கேட்கும் தேர்வு, அப்புறம் கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசிப் பதிவுசெய்யும் நேர்காணல் என்று வரிசையாக வரும். நன்றாகப் படிக்கிற நம் பிள்ளைகள் பலர் கழிவது இங்கேதான். அறிவு போதாமல் இல்லை, இந்த மாதிரித் தேர்வை முதல்முறையாகப் பார்ப்பதால்தான். ஆகஸ்டிலேயே பழகுங்கள்.

போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே பல்கலைக்கழகத்தின் கேரியர்ஸ் சர்வீஸில் நேரம் வாங்குங்கள். சி.வி. திருத்துவது, மாதிரி நேர்காணல் எல்லாம் செய்துதருவார்கள், தனியாகக் கட்டணம் கிடையாது, உங்கள் ஃபீஸிலேயே அடக்கம்.

இன்னொன்று, யாரும் அதிகம் பேசாத விஷயம்: டிசர்டேஷன், அதாவது படிப்பின் முடிவில் எழுதும் ஆய்வறிக்கை. மொத்தம் 180 கிரெடிட்டில் வழக்கமாக 60 இதற்குத்தான், கோடை முழுக்க இதே வேலை. பிப்ரவரி, மார்ச் வாக்கில் தலைப்பு கேட்பார்கள். "எது சுலபம்" என்று பார்த்துத் தேர்வுசெய்துவிட்டு அப்புறம் நேர்காணலில் பேச ஒன்றுமில்லாமல் நிற்பவர்கள் நிறைய. எந்தத் துறையில் வேலை வேண்டுமோ அந்தத் துறைப் பிரச்சினையை எடுங்கள். மின்சாரப் பயன்பாடு, மருத்துவமனைத் தரவு, சரக்குப் போக்குவரத்து, எதுவானாலும் சரி. மெக்கானிக்கல் படித்தவர் என்பதால் இயந்திரப் பழுதை முன்கூட்டியே கணிக்கும் தலைப்பு உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். வெளி நிறுவனத்தோடு சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட் இருக்கிறதா என்று ஜனவரியிலேயே கேட்டுவையுங்கள்.

இப்போது விசா. படிப்பு முடிந்தபின் தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசா 2021 ஜூலையில் தொடங்கியபோது முதுநிலைப் பட்டதாரிகளுக்கு இரண்டு வருடம் தந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். நீங்கள் படித்து முடிப்பது 2027 இலையுதிர் காலத்தில், ஆகவே உங்களுக்கு 18 மாதம் என்றே கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமானால் ஸ்பான்சர் செய்யும், அதாவது வேலை தந்து உங்கள் வேலை விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் வேண்டும். அந்த விசாவுக்குத் தேவையான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தின் பொதுவான வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது. படிப்பை முடித்த கையோடு வருபவர்களுக்குச் சலுகை வரம்பு 33,400, அதுவும் அந்தந்தத் தொழிலுக்கு விதித்திருக்கும் சம்பளத்தைப் பொறுத்துக் கூடலாம். அந்தச் சலுகை மொத்தம் நான்கு வருடம்தான், கிராஜுவேட் விசாவில் கழியும் காலமும் அதில் சேரும். ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசே இணையத்தில் வெளியிடுகிறது. விண்ணப்பம் போடும் முன் அதில் பெயர் இருக்கிறதா பாருங்கள். பெயர் இருந்தாலே எல்லா வேலைக்கும் ஸ்பான்சர் செய்வார்கள் என்று அர்த்தமில்லை, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அப்பாவிடம் கடன் கணக்கை வைத்துப் பேசுங்கள். நம் வங்கிகளில் வழக்கமாகப் படிப்புக்காலமும் அதன்பின் ஒரு வருடமும் போனதும் தவணை தொடங்கிவிடும், வட்டி அதற்கு முன்பிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். அவருக்கு இது உடனே புரியும்.

கேள்வி: பார்ட் டைம் வேலையிலேயே செலவைச் சமாளித்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?
- வாசகி, மதுரை

பதில்: சாப்பாட்டுச் செலவுக்கு உதவும், ஃபீஸுக்கு நம்பாதீர்கள். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. ஒரு வருட முதுநிலைப் படிப்பில் டிசர்டேஷன் எழுதும் கோடைக்காலமும் வழக்கமாக வகுப்புக் காலமாகவே கணக்கு, "சம்மர் லீவு, முழுநேரம் போகலாம்" என்று சீனியர் சொன்னால் பல்கலைக்கழகத்தின் விசா பிரிவில் கேட்டு உறுதிசெய்த பிறகே போங்கள். சொந்தத் தொழில், ஃப்ரீலான்ஸ் இரண்டுக்கும் அனுமதி இல்லை, இங்கிருக்கும் தெரிந்தவருக்கு வெப்சைட் செய்துகொடுத்துக் காசு வாங்குவதும் அதில்தான் வரும். என்னைக் கேட்டால் வாரத்துக்கு 10, 12 மணி நேரம் போதும், முடிந்தால் வளாகத்துக்குள்ளேயே. மீதி நேரம் விண்ணப்பத்துக்கு.

கேள்வி: மகள் லீட்ஸில் படிக்கிறாள். ஆறு இடத்தில் நிராகரித்துவிட்டார்கள், அழுகிறாள். ஒரு ஏஜென்ட் பணம் கொடுத்தால் ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
- தந்தை, கரூர்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் ஐயா. ஸ்பான்சர்ஷிப் விற்பனைக்கு உரியது அல்ல. இல்லாத வேலைக்குக் காகிதம் தந்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் போவதோடு மகளின் விசாவும் எதிர்காலமும் சிக்கலில் மாட்டும். ஆறு நிராகரிப்பு அங்கே மிகச் சாதாரணம், அவளுடைய வகுப்புத் தோழிகளும் அதையேதான் சந்தித்துக்கொண்டிருப்பார்கள். எந்தக் கட்டத்தில் கழிக்கிறார்கள் என்று மட்டும் அவளிடம் கேளுங்கள். சி.வி.யிலேயே நின்றால் அதை மாற்ற வேண்டும், ஆன்லைன் தேர்வில் என்றால் பயிற்சி, நேர்காணல் வரை போய்த் திரும்பினால் அவள் நெருங்கிவிட்டாள். பெரிய பெயர்களை மட்டும் நம்பாமல், வசந்தத்திலும் கோடையிலும் ஆள் எடுக்கும் நடுத்தர நிறுவனங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அவள் பல்கலைக்கழகத்திலும் கேரியர்ஸ் சர்வீஸ் உண்டு, இந்த வாரமே நேரம் வாங்கட்டும். ஏஜென்டின் எண்ணை உங்கள் போனில் பிளாக் செய்துவிடுங்கள்.