கப்பல் ஏறுமுன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டிசம்பர் விடுமுறை நெருங்க நெருங்க, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களைப் பற்றிய கேள்விகள் குவிகின்றன. கட்டுநாயக்கவிலிருந்து நாலு மணி நேரப் பறப்பு. குறுகிய பயணத்துக்கு இலங்கையருக்கு சிங்கப்பூர் விசா தேவையில்லை. முதல் கப்பல் பயணத்துக்குப் பலர் அந்த வழியைத் தேர்ந்தெடுப்பது சரிதான்.

சிங்கப்பூர், பினாங்கு (மலேசியா), புக்கெட் (தாய்லாந்து) போகும் கப்பலில் புக் பண்ணியிருக்கிறோம். பினாங்கில் நாங்கள் இறங்கப் போவதில்லை. அதற்கும் விசா வேண்டுமா? (வெள்ளவத்தை)

இறங்குவதும் இறங்காததும் உங்கள் விருப்பம். ஆனால் கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் உங்களிடம் அனுமதி இருக்கிறதா என்று ஏறும் இடத்திலேயே பார்ப்பார்கள். இல்லையென்றால் ஏற்ற மாட்டார்கள், கட்டிய காசும் பெரும்பாலும் திரும்பி வராது. முகவர் வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு போகாதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு எந்தெந்த விசா வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடவுச்சீட்டுக்கு இன்னும் 6 மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுடையதைப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கம். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 3 வருடத்துக்குத்தான் கொடுக்கிறார்கள், நினைத்ததைவிட சீக்கிரம் முடிந்துவிடும்.

எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். அப்பாவின் கடவுச்சீட்டில் தாத்தாவின் பெயர், பிள்ளைகளுடையதில் அப்பாவின் பெயர், அம்மாவுடையதில் கலியாணத்துக்கு முந்திய பெயர். ஒரே வீட்டில் நாலு பேர், மூன்று குடும்பப் பெயர். கவுண்டரில் இருப்பவருக்கு நீங்கள் ஒரு குடும்பம் என்று எப்படித் தெரியும்? பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை ஆங்கில மொழிபெயர்ப்புடன் கைப்பையில் வைத்திருங்கள். புக் பண்ணும்போது முதலெழுத்து, வீட்டுப் பெயர் எதுவும் வேண்டாம். கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். அம்மம்மாவோடு பேரப்பிள்ளை மட்டும் போவதென்றால் தாய் தகப்பன் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும்.

சிங்கப்பூரின் வருகை அட்டையை இணையத்தில் இரண்டு முறை நிரப்ப வேண்டும். விமானத்தில் போய் இறங்கும்போது ஒன்று, கப்பலில் திரும்பி வரும்போது இன்னொன்று. இலவசம்தான். வருகைக்கு முந்திய 3 நாளுக்குள் செய்தால் போதும்.

அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை வியாதி, முழங்கால் வலி. கடல் ஒத்துக்கொள்ளுமா என்று பயப்படுகிறார். கூட்டிப் போகலாமா? (கொட்டாஞ்சேனை)

தாராளமாகக் கூட்டிப் போங்கள். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு ஹோட்டல் என்று இழுபடும் சுற்றுலாவைவிட, ஒரே அறையில் இருந்துகொண்டு ஊர் பார்ப்பது முழங்கால் வலிக்காரருக்கு நல்லது. ஆனால் பயணத் திட்டத்தை அம்மாவின் உடம்பை வைத்தே போடுங்கள்.

முதலில் கடல். மலாக்கா நீரிணைக்கு சுமாத்ரா தீவு மறைப்பாக நிற்பதால் சிங்கப்பூர், பினாங்கு வழி பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது நவம்பர் முதல் பெப்ரவரி வரை, ஆட்டம் அதிகம் காண்பது தென்சீனக் கடல் பக்கம். அதனால் டிசம்பரில் போவதென்றால் வியட்நாம் பக்கம் போகும் கப்பலை விட்டுவிட்டு பினாங்கு வழியை எடுங்கள். அறையைக் கப்பலின் நடுவில், கீழ்த் தளமொன்றில் கேளுங்கள். முன்னும் பின்னும், மேல் தளங்களும்தான் அதிகம் ஆடும்.

தலைசுற்றல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். அம்மா வேறு மருந்துகளும் எடுப்பதால், எதை எவ்வளவு என்று அவரது டொக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். வெறும் வயிறு கூடாது. சுற்றினால் அறைக்குள் படுக்கவிடாமல் வெளித்தளத்துக்குக் கூட்டி வந்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து முழுவதும் கைப்பையில் இருக்கட்டும். துறைமுகத்தில் உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் பெரிய சூட்கேஸ்கள் அறை வாசலுக்கு வரப் பின்னேரமாகலாம், இரவும் ஆகலாம். இன்சுலின் போடுபவரென்றால் அறையிலுள்ள சின்னக் குளிர்பெட்டியை நம்பாதீர்கள், பல கப்பல்களில் அது பானம் குளிர வைக்க மட்டுமே. மருந்து வைக்க இடம் வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சிங்கப்பூர் நேரம் எங்களைவிட இரண்டரை மணி முன்னால், சாப்பாட்டு வேளையும் மருந்து வேளையும் தள்ளிப்போகும். இதையும் டொக்டரிடம் கேளுங்கள்.

பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுன் இறங்குதுறையிலேயே கட்டும், நடந்தே இறங்கலாம். புக்கெட்டில் பெரும்பாலும் கடலில் நங்கூரமிட்டு சிறு படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். அலையில் ஆடும் படகில் கால் வைப்பது அம்மாவுக்குக் கஷ்டம். அன்று கப்பலிலேயே ஓய்வெடுக்கட்டும்.

எட்டு மாதக் குழந்தையைக் கொண்டு போகலாமா? (தெஹிவளை)

பல நிறுவனங்களில் குறைந்த வயது 6 மாதம், நீண்ட கடல் பயணங்களுக்கு 12 மாதம். நப்கின் கட்டும் குழந்தையைப் பொது நீச்சல் குளத்தில் இறக்க விட மாட்டார்கள். பால்மாவை இங்கிருந்தே கொண்டு போங்கள்.

நாங்கள் சைவம். சின்ன ரைஸ் குக்கர் கொண்டு போக முடியுமா? (பம்பலப்பிட்டி)

முடியாது. சூடேற்றும் எந்தச் சாமானும், இஸ்திரிப் பெட்டி உட்பட, தீப்பயத்தால் பறித்து வைத்துவிடுவார்கள். சைவம் என்பதைப் புக் பண்ணும்போதே பதிவு செய்யுங்கள், முதல் இரவே உணவக மேலாளரிடம் மறுபடி சொல்லுங்கள். முட்டை, மீன் சோஸ் வேண்டாம் என்பதைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அப்புறம், எங்கள் மூன்று முள் பிளக் பல கப்பல்களில் பொருந்தாது, அடாப்டர் எடுங்கள்.

கப்பலில் கைச்செலவு எவ்வளவு வரும்? (கொழும்பு 13)

தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று பல கப்பல்களில் சேவைக் கட்டணம் உண்டு. சில புக்கிங்கில் அது சேர்ந்திருக்காது, பிள்ளைகளுக்கும் எண்ணிப் பாருங்கள். போனை ஏறியவுடன் ஃபிளைட் மோட்டில் போடுங்கள். நடுக்கடலில் செய்மதி வலையமைப்பு தானாகப் பிடித்தால் பில் பயங்கரமாக வரும். கப்பல் மருத்துவமனையிலும் செலவு அதிகம், கடல் பயணத்தையும் உள்ளடக்கிய காப்புறுதி எடுங்கள்.

பினாங்கில் நாங்களாகவே சுற்றலாமா? பிந்தினால் கப்பல் நிற்குமா? (கொழும்பு 6)

சுற்றலாம். இறங்குதுறையிலிருந்து குட்டி இந்தியாவும், குயின் வீதியில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலும் நடை தூரம்தான். மத்தியானம் நடை சாத்துமுன் போங்கள்.

கப்பல் நிற்காது. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போயிருந்தால் மட்டும்தான் காத்திருப்பார்கள். இறங்குமுன் ஏறவேண்டிய கடைசி நேரத்தைக் கேட்டு, அது கப்பல் நேரமா கரை நேரமா என்பதையும் உறுதி செய்யுங்கள். அன்றைய நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் ஆள்) தொலைபேசி எண் இருக்கும், அதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு இறங்குங்கள்.