சத்தான சாப்பாடு சேமிப்பைத் தின்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 38. நான், மனைவி, இரண்டு குழந்தைகள். எனக்கு ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக மருத்துவர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் சத்தான உணவுக்கு மாறினோம். ஆறே மாதத்தில் உணவுச் செலவு சம்பளத்தில் 25 சதவீதத்திலிருந்து 36 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. “ஆரோக்கியமும் முதலீடுதானே, சேமிப்பைக் கொஞ்சம் குறைத்தால் என்ன?” என்கிறார் மனைவி. குறைக்கலாமா? கடைசி மாத ரசீதுகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: குறைக்க வேண்டாம். ரசீதுகளை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பட்ஜெட் எழுதச் சொன்னால் எல்லோரும் தங்கள் ஆசையைத்தான் எழுதுகிறார்கள்.

உங்கள் ரசீதுகளில் பெரிய தொகைகளை மட்டும் வட்டமிட்டேன். புரதப் பவுடர், பாட்டில் பழச்சாறு, ‘சர்க்கரை சேர்க்காத’ பிஸ்கட், தானிய பார், வைட்டமின் மாத்திரை. இந்த ஐந்துக்கே மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது. அடுத்து, காய்கறி, பழங்களின் எடையைக் கூட்டினேன்: 17 கிலோ. பெரியவர் ஒருவர் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் இருவருக்கு மட்டுமே மாதம் 24 கிலோ ஆகிறது. குழந்தைகள் கணக்கு தனி. செலவு ஏறியும் காய்கறி போதவில்லை. அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் ஆரோக்கியத்துக்குத்தான் நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள்.

முதலில் பழச்சாற்றை நிறுத்துங்கள். 250 மில்லி ஆப்பிள் சாற்றில் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை இருக்கிறது, தனியாக எதையும் சேர்க்காவிட்டாலும். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அதே நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 50 கிராம். சாற்றின் சர்க்கரையும் அந்தக் கணக்கில் சேரும். ஒரு டம்ளரிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது, அதுவும் உங்கள் ரத்தப் பரிசோதனையை வைத்துக்கொண்டு! பழத்தை அப்படியே கடித்துத் தின்றால் நார்ச்சத்தும் கிடைக்கும். (சாறு பிழியும் இயந்திரம் ஒன்று என் வீட்டுப் பரணிலும் தூங்குகிறது. அதிகம் பேசும் தகுதி எனக்கும் இல்லை.)

பவுடருக்கு ஒரு சின்ன வகுத்தல் போதும். டப்பாவின் விலையை அதிலுள்ள மொத்தப் புரத கிராமால் வகுங்கள். பயறு, பருப்புக்கும் அப்படியே செய்யுங்கள். உலர்ந்த பயறில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் புரதம் உண்டு. இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகும் டப்பா வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள், குறைபாடு இல்லாதவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

இன்னொரு ஓட்டை ரசீதில் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஞாயிறன்று வாங்கிய கீரை வியாழனன்று கொழகொழவென்று கிடக்கிறதா? கதவில் ஒரு தாளை ஒட்டி, எறிந்ததை எல்லாம் எடையோடு ஒரு மாதம் எழுதுங்கள். சீக்கிரம் வாடுவதை வாரம் இரண்டு முறை கொஞ்சமாக வாங்குங்கள்.

மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள். நல்ல சாப்பாட்டின் பலன் உடம்பில் சேரும், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவமனை ரசீது வரும் நாளில் அதை எடுத்து நீட்ட முடியாது. அவசர நிதியும் மருத்துவக் காப்பீடும் அதற்காகத்தான். அவற்றில் கை வைக்காதீர்கள்.

இரண்டு மாதம் கழித்து ரசீதுகளை மறுபடி அனுப்புங்கள். காய்கறி, பழம் 24 கிலோவைத் தாண்டியும் செலவு 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லையென்றால், வீட்டின் மற்றச் செலவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.