புள்ளிப் பெருக்கலில் கோணம்: வாசகர் கேள்வி-பதில்

சார், (1, 2, 2), (2, 3, 6) என்ற வெக்டர்களுக்கு இடைப்பட்ட கோணம் எனக்கு 0.31 என்று வருகிறது. விடையில் 17.75° இருக்கிறது. எங்கே தப்பு?
– பிளஸ் ஒன் மாணவி, கோபி

கணக்கில் தப்பே இல்லை, அம்மிணி. கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. புள்ளிப் பெருக்கல், அதாவது ஒத்த இடத்து எண்களைப் பெருக்கிக் கூட்டினால், 2 + 6 + 12 = 20. ஒவ்வொரு வெக்டரிலும் எண்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் நீளங்கள் 3, 7. 20ஐ நீளங்களின் பெருக்கமான 21ஆல் வகுத்தால் கொசைன் 0.952. அதற்குரிய கோணத்தைத்தான் நீங்கள் ரேடியனில் சொல்கிறீர்கள், புத்தகம் டிகிரியில் சொல்கிறது.

ஏனுங்க, டிராயிங்கில் பைப்புக்கு மூன்று புள்ளிதான் கொடுத்திருக்கிறார்கள்: (0, 0, 0), (1200, 0, 0), (1800, 600, 300). எல்லாம் மில்லிமீட்டர். நான் போட்டால் 131.8° வருகிறது, பையன் 48.2° என்கிறான். பெண்டிங் மிஷினில் எதை வைக்கிறதுங்க?
– ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர், கணபதி

இரண்டு பேர் சொல்வதும் சரி. கூட்டிப் பாருங்கள், 180 வரும்.

வளைவு இரண்டாவது புள்ளியில் இருக்கிறது. நீங்கள் அந்த வளைவில் நின்றுகொண்டு இரண்டு முனைகளையும் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் (-1200, 0, 0), மறு பக்கம் (600, 600, 300). புள்ளிப் பெருக்கல் -7,20,000. நீளங்கள் 1200, 900, பெருக்கினால் 10,80,000. வகுத்தால் கொசைன் -0.667. மைனஸ் வந்தாலே விரிகோணம். பைப்பின் இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள கோணம் அது.

பையன் பைப் ஓடுகிற திசையிலேயே போயிருக்கிறான். முதல் வெக்டர் (1200, 0, 0) ஆகிவிட்டது, குறி மாறிவிட்டது. நேர் பைப்பை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதுதான் அவனுடைய 48.2. மிஷின்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். சந்தேகமாக இருந்தால், வளைக்காத பைப்புக்கு உங்கள் மிஷின் 0 காட்டுகிறதா, 180 காட்டுகிறதா என்று பாருங்கள். 0 என்றால் பையன் சொன்னது, 180 என்றால் நீங்கள் சொன்னது. வளைத்தபின் இரும்பு கொஞ்சம் நிமிரும். அதற்குக் கூட்டி வைப்பது உங்கள் கைப்பழக்கம்.

அப்புறம் இன்னொன்று: முதல் துண்டை 1200க்குப் பதில் 12 என்று போட்டாலும் கோணம் மாறாது. நீளம் மேலும் கீழும் அடிபட்டுவிடும்.

பனியன் பிரிண்ட் டிசைன்களை எண் பட்டியலாக மாற்றி, எது எதைப் போல இருக்கிறது என்று கொசைனை வைத்துப் பார்க்கிறேன். ஒரு டிசைனை அதோடேயே ஒப்பிட்டால் பைத்தான் எரர் அடிக்கிறது.
– திருப்பூர் வாசகர்

கொசைன் 1 வர வேண்டிய இடத்தில், தசம ஓரத்துப் பிசிறால் 1.0000000000000002 என்று வந்திருக்கும். 1ஐத் தாண்டிய கொசைனுக்குக் கோணம் கிடையாது. கோணம் எடுக்கும் முன் மதிப்பை -1க்கும் 1க்கும் நடுவே கட்டிப்போடுங்கள். எல்லா எண்ணும் 0ஆக இருக்கும் பட்டியலை முன்பே ஒதுக்கிவிடுங்கள். நீளம் 0 ஆனால் வகுக்க முடியாது. ஒப்பிட மட்டும் என்றால் கோணம் எதற்கு? கொசைனே போதும்.

தோட்டத்தில் சோலார் மோட்டார் வைத்திருக்கிறோம். பேனலைத் தெற்கே சாய்த்தே ஆகணுங்களா?
– தாராபுரம் விவசாயி

பேனலுக்குச் செங்குத்தாக ஒரு வெக்டர், சூரியனை நோக்கி ஒரு வெக்டர். இரண்டின் நீளமும் 1 என்று வைத்தால் புள்ளிப் பெருக்கலே கொசைன். நேர் வெயிலில் எத்தனை பங்கு பேனலில் இறங்குகிறது என்று அது சொல்லும்.

உங்கள் ஊர் அட்சரேகையை 11° என்று வைப்போம். டிசம்பர் 21 வாக்கில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு 34.5° தெற்கே நிற்கும். படுத்த பேனலுக்கு 0.82, தெற்கே 11° சாய்த்ததற்கு 0.92. ஜூன் 21இல் சூரியன் 12.5° வடக்கே போய்விடும். அப்போது படுத்ததற்கு 0.98, சாய்த்ததற்கு 0.92. மார்ச், செப்டம்பரில் வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை.

ஆனாலும் சாய்க்கத்தான் சொல்வேன். மழையில் தூசி வழிந்தோடிவிடும், நீர் தேங்காது. தென்னை நிழல் விழுகிற இடமாக இருந்தால் மட்டும், கோணத்தை விட்டுவிட்டு முதலில் பேனலை இடம் மாற்றுங்கள்.