‘சந்தேகமே இல்லை’ என்று பிரெஞ்சில் மனதாரச் சொல்வது எப்படி?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இருபது வருடத்துக்கு மேலாகப் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்நெவில் இருக்கிறேன். கடைக்கும் வேலைக்கும் போதுமான பிரெஞ்சு தெரியும். வரும் ஜூனில் மகனுக்குக் கல்யாணம். மருமகளாக வரப்போகிற பிள்ளை பிரெஞ்சுக்காரி. விருந்தில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். போன பனிக்காலத்தில் என் வதிவிட கார்ட் புதுப்பிக்க விடியும் முன்னே வரிசையில் நின்றபோது கூடவே வந்து நின்றவள் அவள்தான். கவுண்டரில் எனக்காகப் பேசியவளும் அவள்தான். இவள் வந்தால் என் பிள்ளை நல்லாயிருப்பான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அதைச் சொல்ல ‘வூ ஸுரே சான் தூத் ஒரோ’, ‘ஜு குருவா கு த்யூ எ பொன்’, ‘ஜு தேம் போக்கூ’ என்று மூன்று வரி எழுதினேன். மகன் படித்துவிட்டு, “அம்மா, அரை மனதாகச் சொல்வது போல இருக்கு” என்கிறான். ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் எங்கே பிழை விட்டேன்?
— பெயர் வேண்டாம், லா கூர்நெவ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கல்யாண வீட்டுக்கு என் வாழ்த்துகள். உங்கள் மகன் சொன்னது சரிதான். ஆனால் மூன்று வரியிலும் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில் எது உறுத்துகிறது என்று உடனே தெரியும், ஏன் என்று கேட்டால்தான் திணறும்.

முதல் வரியைப் பார்ப்போம். ‘சான்’ என்றால் இல்லாமல், ‘தூத்’ என்றால் சந்தேகம். சேர்த்தால் ‘சந்தேகமில்லாமல்’ என்றுதானே வர வேண்டும்? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் இன்றைய பிரெஞ்சில் ‘சான் தூத்’ என்றால் ‘அநேகமாக’ என்றுதான் அர்த்தம். ஆக, மண்டபம் நிறைந்த சொந்தக்காரர் முன்னால் மணமக்களைப் பார்த்து ‘நீங்கள் அநேகமாகச் சந்தோஷமாக இருப்பீர்கள்’ என்று சொல்லப் போயிருக்கிறீர்கள். நடுவில் ஒரு சொல் சேர்த்து ‘சான் ஸோக்கன் தூத்’ என்றால்தான் ‘எந்தச் சந்தேகமும் இல்லாமல்’ ஆகும். ‘சூர்மான்’, ‘செர்தென்மான்’ இரண்டும் இதே மாதிரிதான். பார்த்தால் ‘நிச்சயமாக’ என்று தெரியும். பேச்சில் பல நேரம் ‘இருக்கலாம்’ என்ற அளவுக்கு இறங்கிவிடும். நாளைக்கு வருவாயா என்று கேட்டு, ஒருவர் ‘சூர்மான்’ என்று இழுத்துச் சொன்னால் அவரை நம்பி உலை வைக்காதீர்கள்.

மூன்றாவது வரியும் அதே குணம்தான். ‘ஜு தேம்’ என்றால் அன்பின் உச்சம். அதோடு ‘போக்கூ’ சேர்த்தால் அன்பு கூட வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். பிரெஞ்சில் குறையும். ‘ஜு தேம் போக்கூ’ நண்பர்களுக்குச் சொல்வது. ‘ஜு தேம் பியான்’ அதற்கும் ஒரு படி கீழே, ‘உன்னைப் பிடிக்கும், அவ்வளவுதான்’ என்ற மாதிரி. தமிழில் நாம் ‘ரொம்ப’, ‘மிகவும்’, ‘சத்தியமா’ என்று அடுக்க அடுக்கப் பேச்சுக்கு வேகம் கூடும். பிரெஞ்சில் உறுதியைச் சொல்லும்போது அடுக்கிய சொல்லே சந்தேகத்தைக் கிளப்பிவிடும். வினைச்சொல்லைத் தனியாக விட்டுவிடுங்கள், அதுவே போதும்.

இரண்டாவது வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘ஜு குருவா கு’ என்று தொடங்கினால் ‘நீ நல்லவள் என்று நினைக்கிறேன்’ என்றுதான் கேட்பவருக்குப் படும். ‘மழை வரும்னு நினைக்கிறேன்’ என்பதற்கும் அதே தொடக்கம்தான். அதே வினைச்சொல்லுக்குப் பின்னால் ‘ஆன்’ போட்டு ஓர் ஆளைக் காட்டினால் எல்லாம் மாறிவிடும். ‘ஜு குருவா ஆன் துவா’ என்றால் ‘உன்னை நம்புகிறேன்’. கடவுளை நம்புகிறேன் என்று சொல்லவும் இதே அமைப்புதான். இன்னொன்றும் உண்டு: ‘ஜே கோன்ஃபியான்ஸ் ஆன் துவா’. என் பிள்ளையை உன் கையில் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்கிற நம்பிக்கை அது. ஒரு மாமியார் மருமகளிடம் சொல்ல இதைவிடப் பொருத்தமான வாக்கியம் எனக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சில் நெஞ்சறிந்த உறுதி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் 1898 பிப்ரவரியில் பாரிஸ் நீதிமன்றத்தில் எழுத்தாளர் எமில் ஸோலா பேசியதைத்தான் காட்டுவேன். திரேஃபியூஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை ஜெர்மனிக்கு உளவு சொன்னதாகப் பொய்யாகக் குற்றம் சாட்டித் தீவாந்தரம் அனுப்பிவிட்டார்கள். அதை எதிர்த்து அந்த ஜனவரி 13ஆம் தேதி பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதியதற்காக ஸோலா மீதே வழக்கு. ஜூரிகள் முன்னால் அவர் சொன்னார்: ‘திரேஃபியூஸ் நிரபராதி, சத்தியமாகச் சொல்கிறேன். என் உயிரைப் பணயம் வைக்கிறேன், என் மானத்தைப் பணயம் வைக்கிறேன்.’ பிரெஞ்சில் அந்தக் கடைசிப் பகுதி ‘ஜி ஆன்காஜ் மா வீ, ஜி ஆன்காஜ் மோன் ஒனோர்’. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘மிகவும்’ இல்லை, ‘முற்றிலும்’ இல்லை, ‘நிச்சயமாக’கூட இல்லை. எல்லாம் நிகழ்காலம், எல்லாம் ‘நான்’. தான் சொல்வதற்குப் பின்னால் தன்னிடம் இருப்பதை எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான். ஜூரிகள் அன்றைக்கு அவருக்குத் தண்டனைதான் கொடுத்தார்கள். 1906இல் திரேஃபியூஸ் குற்றமற்றவர் என்று நீதிமன்றமே அறிவித்தபோது, ஸோலா இறந்து ஏறக்குறைய நாலு வருடம் ஆகியிருந்தது.

இதே மாதிரி பணயம் வைக்கிற பேச்சு சாதாரண மக்களிடமும் உண்டு. ‘ஜான் மெத்ரே மா மேன் ஓ ஃபோ’ என்பார்கள், இதற்காக என் கையை நெருப்பில் வைப்பேன் என்று. பழைய காலத்தில் உண்மையைச் சோதிக்க நெருப்பைத் தொட வைத்த வழக்கத்திலிருந்து வந்தது. நம் ஊரில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. விருந்தில் சொன்னாலும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ‘அந்தீம் கோன்விக்சியோன்’ என்று எங்காவது படித்திருந்தால் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ‘உள்ளார்ந்த உறுதி’ என்ற அர்த்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சுக்காரருக்கு அது நீதிமன்றச் சொல். பெரிய குற்ற வழக்குகளில் தீர்ப்புக்கு உட்காரும் முன் ஜூரிகளுக்குச் சட்டம் வைக்கிற கேள்வியே, உங்களுக்கு அந்த உறுதி இருக்கிறதா என்பதுதான். அவர்கள் கூடிப் பேசும் அறையில் பெரிய எழுத்தில் அது ஒட்டியிருக்கும். கல்யாணத்தில் அந்தச் சொல் வேண்டாம்.

இலக்கணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ‘சந்தேகப்படவில்லை’ என்று எதிர்மறையில் சொல்லப் போகாதீர்கள். ‘ஜு நு தூத் பா கு’ என்று தொடங்கினால் பின்னால் வரும் வினை பெரும்பாலும் ‘சுப்ஜோன்க்தீஃப்’ என்கிற தனி வடிவத்துக்குப் போய்விடும். ‘வூ ஸுரே’ இருந்த இடத்தில் ‘வூ சுவாயே’ வரும். மேடையில் நிற்கும்போது அந்தத் தொல்லை எதற்கு? ‘ஜு சுய் சூர் கு’ என்று நேராகச் சொன்னால் வழக்கமான எதிர்காலமே போதும்: ‘ஜு சுய் சூர் கு வூ ஸுரே ஒரோ’.

இதைவிடவும் முக்கியம் குரல். பிரெஞ்சில் வாக்கியத்தின் கடைசியில் குரல் மேலே போனால் அது கேள்வி. சொல் எதுவும் மாற வேண்டாம், ‘வூ ஸுரே ஒரோ’ என்று தூக்கி முடித்தால் ‘சந்தோஷமாக இருப்பீர்களா?’ ஆகிவிடும். பதற்றத்தில் பேசும்போது எல்லோருக்கும் குரல் மேலேதான் போகும். அதனால் வாக்கியம் முடிகிற இடத்தில் குரலை இறக்கி, நிறுத்தி, மூச்சு விட்டு, அப்புறம் அடுத்ததுக்குப் போங்கள். அந்த நிறுத்தமே பாதி உறுதியைச் சொல்லிவிடும்.

சரி, இப்போது உங்கள் பேச்சுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் விலைமதிப்பில்லாத ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் பேச்சில் சேர்க்கவே இல்லை. விடியும் முன்னே அந்தப் பிள்ளை வரிசையில் உங்களோடு நின்றது. உங்கள் உறுதி அங்கிருந்துதானே வந்தது? அதைச் சொல்லுங்கள். ‘ஸவுவார்’, அதாவது ‘தெரிந்திருத்தல்’ என்ற வினையை நடந்து முடிந்த காலத்தில் ‘ஜே ஸ்யூ’ என்று வைத்தால், அந்தக் கணத்தில் புரிந்துகொண்டேன் என்று அர்த்தம். ‘ஸு மத்தேன் லா, ஜே ஸ்யூ’: அன்று காலையில் எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன தெரிந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். முதலில் அவள் பெயர். ‘மா ஃபீய்’, என் மகளே என்று கூப்பிட உங்களுக்கு ஆசை இருக்கும். ஆனால் அவளைப் பெற்ற தாய் அதே மண்டபத்தில் இருப்பார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதே நல்லது, அங்கே மாமியார்மார் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பிறகு:

‘ஸு மத்தேன் லா, தான் லு ஃபுருவா, ஜே ஸ்யூ. மெர்ஸி, த்யூ ஃபோன் த்யூ கெர். ஜே கோன்ஃபியான்ஸ் ஆன் துவா. ஜு குருவா ஆன் வூ தோ. வூ ஸுரே ஒரோ. ஜான் சுய் செர்தென்.’

அன்று காலை, அந்தக் குளிரில், எனக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சின் ஆழத்திலிருந்து நன்றி. உன்னை நம்பி இருக்கிறேன். உங்கள் இரண்டு பேரையும் நம்புகிறேன். நீங்கள் சந்தோஷமாக இருப்பீர்கள். எனக்கு அது உறுதி.

அவளிடம் பேசும்போது ‘துவா’, இருவரையும் சேர்த்துப் பேசும்போது ‘வூ’ என்பதைக் கவனியுங்கள். நம் ‘நீ’யும் ‘நீங்க’ளும் போலவே. அவளைத் தனியாக ‘வூ’ என்று சொல்லிவிட்டால் மரியாதையோடு தூரமும் வந்துவிடும். ‘நெஞ்சின் ஆழத்திலிருந்து’ என்கிற ‘த்யூ ஃபோன் த்யூ கெர்’ஐ நன்றிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அது பொருந்துகிற இடம் அதுதான். உறுதியைச் சொல்லும் இடத்துக்கு நகர்த்தாதீர்கள்.

இன்னொரு யோசனை. இத்தோடு முடித்துவிடாமல், இரண்டு பேரையும் பார்த்து ‘நல்லா இருங்கோ பிள்ளையள்’ என்று உங்கள் தமிழிலேயே சொல்லுங்கள். அதை மகன் மொழிபெயர்க்க வேண்டியதும் இல்லை. மெரியில், அதாவது நகர மன்றத்தில், மேயர் குடும்பச் சட்டப் பிரிவுகளை வாசித்து முடித்ததும் மணமக்கள் சொல்வது ‘உய்’ என்ற ஒற்றைச் சொல்தான். அதைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு உங்கள் ஆசீர்வாதம் எந்த மொழியில் இருந்தாலும் புரியும்.

கடைசி வார்த்தையை மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். ஆண் சொன்னால் ‘செர்தேன்’, மூக்கில் ஒலித்து முடியும். பெண் சொன்னால் ‘செர்தென்’, ‘ன்’ தெளிவாகக் கேட்க வேண்டும். மகனை எதிரே உட்காரவைத்துச் சொல்லிக் காட்டுங்கள். குரல் இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.